வரப்போகிற சர்க்கரை

அட்டையில் மூன்று வட்டங்கள் இருந்தன. மூன்றையும் ரத்தத்தால் நிரப்ப வேண்டும். தையற்காரர் ஆள்காட்டி விரலை நீட்டினார், குத்துகிற ஊசியைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டார். காலையிலிருந்து இதே வேலை. மேசையில் ஒரு பேன்ட் பாதி வெட்டியபடி கிடந்தது.

நாள் முழுக்க ஊசியோடு பிழைக்கிற மனிதர்தான். ஆனால் அது துணிக்குள் போகிற ஊசி.

அட்டையை வாங்கித் தந்தது மனைவி. அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் கண் போனது. கணவரோ டீயில் சர்க்கரை போடுகிறவர் அல்ல, சர்க்கரையில் டீ ஊற்றுகிறவர். "ரத்தத்துல என்னென்னவோ அளந்து, சர்க்கரை வரப்போகுதான்னு பல வருஷம் முன்னாடியே சொல்லிடறாங்களாம். நாளைக்கு லேபுக்கு அனுப்பியாகணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. வேலை மாமா கடையில், சாப்பாடும் தூக்கமும் அக்கா வீட்டில்.

"மாப்ளே, உன் விரலைக் கொஞ்சம் குடேன்."

"எதுக்கு மாமா?"

"ரத்தம் எல்லாருக்கும் சிவப்புதானே. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மச்சினன் யோசித்தான். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இங்க வேண்டாம், கஸ்டமர் வருவாங்க. வீட்ல பாத்துக்கறேன்."

மறுநாள் மூன்று வட்டமும் நிறைந்த அட்டை தயாராக இருந்தது. தையற்காரர் நிம்மதியாகத் தபாலில் சேர்த்தார்.

முடிவைப் போனில் கேட்டது மனைவி. கேட்டுவிட்டு அழுதாள்.

"இப்போ ஒண்ணும் இல்லையாம். ஆனா வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகமாம். இப்பவே வாயைக் கட்டினா தப்பிச்சுக்கலாமாம்."

தையற்காரருக்கு மச்சினனை நினைத்து நெஞ்சு கனத்தது. அந்த நெஞ்சு லேசாவதற்குள் சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு வெந்த காய், வெறும் டீ. வீட்டுக்கு வருகிற கேக்கையும் பிஸ்கட்டையும் என்ன செய்வது? மனைவி தானே சாப்பிட்டுத் தீர்த்தாள். "எல்லாம் உங்களுக்காகத்தான். கண்ணுல படாம இருந்தா ஆசை வராது பாருங்க" என்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

கடைக்குப் பக்கத்து டீக்கடையில் முயன்று பார்த்தார். "அண்ணி சொல்லிட்டுப் போயிருக்காங்கண்ணே" என்று டீக்காரர் வெறும் டீயை நீட்டினார்.

"ரிசல்ட் தப்பா இருக்கும். திரும்பப் பாத்துடலாமே" என்று மனைவியிடம் ஒரு நூல் விட்டுப் பார்த்தார்.

"பாத்துடலாம். இந்தத் தடவை நானே குத்தி விடறேன்."

"வேண்டாம், வேண்டாம். ரிசல்ட் சரியாத்தான் இருக்கும்."

எவ்வளவு தைரியமாக ஏற்றுக்கொள்கிறார் என்று மனைவி உருகிப்போனாள். உருகிய கையோடு, விடியற்காலை நடைப்பயிற்சிக்கும் எழுப்பிவிட ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் மச்சினன் கவலையே இல்லாமல் கிரீம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னால் பையன் இடிந்துபோவான். சொல்லாவிட்டால் கண் போகும். தையற்காரர் சொல்லாமலே அவனைக் காப்பாற்ற முடிவெடுத்தார். அவன் டீயைத் தட்டிவிட்டார். பிஸ்கட்டை நூல்கண்டுப் பெட்டியில் ஒளித்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக மொத்த விற்பனைக் கடைக்கு நடக்க விட்டார்.

மாத முடிவில் தையற்காரர் தன் பேன்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்தார். மனைவியின் ரவிக்கைகளைப் பிரித்துத் தளர்த்தினார். மச்சினன் அக்காவிடம் முறையிட்டான்.

"மாமாவுக்குக் கிடைக்கலைன்னு என்னையும் திங்க விடமாட்டேங்கிறார்!"

மனைவி ஒரு தட்டில் கேக்கோடு வந்து நின்றாள். கணவருக்கென்று யாரோ கஸ்டமர் கொடுத்த கேக்.

"வளர்ந்த மனுஷனுக்கு இப்படி ஒரு வயித்தெரிச்சலா? நாளையிலிருந்து ராத்திரிக்கும் வெந்த காய்தான்" என்றாள். ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தையற்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"வயித்தெரிச்சல் இல்லடி! அது என் ரத்தமே இல்ல. ஊசிக்குப் பயந்து இவன்கிட்ட அட்டையைக் குடுத்துட்டேன். சர்க்கரை வரப்போறது உன் தம்பிக்கு! அவன் நல்லா இருக்கணும்னுதான் இவ்வளவும் பண்ணேன்."

மனைவியின் வாய் அசைவது நின்றது. தம்பியைப் பார்த்தாள். மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கும் குத்திக்கத் தைரியம் வரல மாமா. அன்னிக்கு அக்கா வெங்காயம் நறுக்கறப்ப விரலை வெட்டிக்கிட்டாளே, நான்தான் ஓடிப்போய்த் துடைச்சுவிட்டேன்... அந்த அட்டையாலதான்."