கழுத்துப்பட்டி சுபேதார்

கண்டியில் தன் கால்களைப் பார்க்காமலே ஏழு வருஷம் நடமாடிய மனிதர் ஒருவர்தான். அவர் கழுத்துப்பட்டி சுபேதார்.

அந்தக் காலத்துப் பட்டாளத்தில் சிப்பாய் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமென்று, விறைத்த தோல்பட்டி ஒன்றைக் கழுத்தில் இறுக்கிவிடுவார்கள். வெயிலில் அணிவகுத்து நின்ற சுபேதாரின் ஆள் ஒருவன் அந்தப் பட்டியோடு மயங்கி விழுந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஓய்வு பெற்றதும் சுபேதார், பட்டியை ஒழிக்கச் சொல்லி மேலிடத்துக்கு மாதம் ஒரு பெட்டிசம் அனுப்பத் தொடங்கினார். இங்கிலீசில் எழுதிக் கொடுத்தவன், அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாயிருந்த நான்.

அதோடு விட்டாரா? தன் பட்டியையும் கழற்றமாட்டேன் என்றார்.

“நீங்கதான் பட்டாளத்தை விட்டு வந்தாச்சே ஐயா?”

“நான் மட்டும் கழட்டினா அதுக்குப் பேரு சீர்திருத்தம் இல்லப்பா, ஓய்வு. மொதல்ல பயலுக கழுத்துல இருந்து இறங்கட்டும்.”

கோப்பி குடிக்க உடம்பையே பின்னால் வளைப்பார். பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் வாசிப்பார். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டே நடந்து, கோப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் முற்றத்தில் காய்ந்த கோப்பிக்கொட்டையில் சறுக்கி மல்லாந்தார். படுத்தால் வாசிக்க வசதி என்று அங்கேயே முழுப் பத்திரிகையையும் உரக்க வாசித்து முடித்தார். கெலிஓயாவிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சுபேதார் படுத்தபடியே அவர்களிடம் சொன்னார்:

“கவர்னர் சபையில கோப்பிக்காகப் பேச ஆளு இருக்கு. கோப்பி பறிக்கிறவனுக்காகப் பேச ஒருத்தன் இருக்கானா? அப்ப அது சபை இல்ல, கிட்டங்கி!”

கிட்டங்கிக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஏழாம் வருஷம் கழுத்து புண்ணாயிற்று. “இன்னொரு மழைக்காலம் இந்தப் பட்டியோட இருந்தீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வராதீங்க” என்று வைத்தியர் கையை விரித்தார். நான் கெஞ்சினேன். சுபேதார் அடுத்த பெட்டிசத்துக்குத் தாளை நீட்டினார்.

அந்த மாதமே பட்டாளத்தைப் பார்வையிட ஜெனரல் துரை கண்டிக்கு வந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். சுபேதார் மட்டும் பெட்டிசத்தை நீட்டியபடி கம்பம்போல நின்றார். துரையின் முகம் சிவந்தது. இவர் ஏன் வணங்கவில்லை என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்புக்கு நின்றவனும் நான்தான்.

“குனிய முடியல துரை. உங்க சட்டம் கழுத்தைப் புடிச்சுக்கிட்டு இருக்கு.”

என் உத்தியோகம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னேன். துரை கிட்டே வந்து பட்டியின் ஓரத்தில் கசிந்த புண்ணைப் பார்த்தார். பெட்டிசத்தை வாங்கிக்கொண்டார்.

மழைக்கு முன்பே உத்தரவு வந்தது. கண்டிப் பட்டாளத்துக்கு இனிக் கழுத்துப்பட்டி கிடையாது. அதில் சுபேதாரின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. எனக்கு ஆத்திரமாய் வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. காவல் நின்ற சிப்பாய்களின் வெறுங்கழுத்துகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“இப்ப அவுத்து விடுப்பா.”

அவிழ்த்தேன். தலை மெதுவாகக் குனிந்தது. நானோ குள்ளன், எழுதும்போதும் அவர் காலடியில் பாயில்தான் உட்காருவேன். என் உச்சந்தலையை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

“அடப்பாவி, உச்சியில இம்புட்டு வழுக்கையா? எனக்கு எழுதி எழுதித்தானா?”

தலையில் கைவைத்துத் தடவிக் கொடுத்தார். எழுத இனிப் பெட்டிசம் ஏதுமில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் போனது அவர் வீட்டுக்குத்தான்.