விடை வந்தபின் கணிப்பவர்

நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்தவராகக் காட்டிக்கொண்டு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு 'நான் அப்போதே நினைத்தேன்' என்று வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்த பிறகும், மேட்ச் தோற்ற பிறகும், அடுத்த வீட்டு மாப்பிள்ளை வேலையை விட்ட பிறகும் இவர்கள் தென்படுவார்கள். இவர்களாவது இலவசச் சேவை செய்கிறார்கள். இதையே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் ஒரு கிளை மலையாளக் கரையில், கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில், ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாழ்கிறது. அதில் ஒருவன் நான்.

எங்கள் தொழில் இதுதான். புதுவகைக் கார் இன்ஜின்களில் பெட்ரோலை இன்ஜெக்டர் என்ற ஊசிமுனைக் குழாய் வழியாக நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அது பொடித் துளிகளாகச் சிதறி ஆவியாக வேண்டும். ஆகாமல் பிஸ்டன் தலையில் போய் விழுந்தால் புகை. விழுமா, விழாதா என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டுச் சொல்ல வேண்டியவன் நான். துளி எவ்வளவு சீக்கிரம் உடையும் என்பதற்குக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது. அது சரியாக எவ்வளவு? எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே டெஸ்ட் லேபில் பெட்ரோல் பாயும் தூரத்தை அளந்து வரைந்த கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கோடு அதன்மேல் படியும்வரை அந்த எண்ணைத் திருகுவேன். அப்படியும் படியாவிட்டால் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து மறுபடி திருகுவேன். படிந்ததும் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் போட்டு, 'கணிப்பு' என்று தலைப்பு வைப்பேன். கூசாமல்.

சென்ற மாதம் அப்படிப் படிந்தது, நூலளவும் பிசகாமல். எங்கள் மேலாளர் பகவதிப்பெருமாள் பார்த்துவிட்டு, "நல்லா ஒத்துப்போகுதில்லா வெங்கிடேஷ்? பெட்ரோல் பிஸ்டன்ல படாது. பின்னே எதுக்கு இன்னும் டெஸ்ட்? பிஸ்டன் அச்சுக்கு ஆர்டர் போட்டிரலாம்" என்றார். அச்சு வெட்டியபின் திருத்த வழியில்லை. பெட்ரோல் பட்டால் இன்ஜினும் போச்சு, என் பெயரும் போச்சு. நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

அப்போது டெஸ்ட் லேபில் அளவெடுக்கும் சபீனாவின் போன். மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாரே, ஒரு தெற்று பற்றிப்போச்சு, என் தப்புதான். அன்னைக்கு அனுப்பினது பழைய இன்ஜெக்டரோட ரீடிங். புதுசோடது இப்பத்தான் எடுத்தேன்."

திரையில் என் கோடு பழைய இன்ஜெக்டரின் கோட்டைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அதனால எந்தா? சிமுலேஷன் புது இன்ஜெக்டருக்குத்தானே போட்டது" என்றார் மேலாளர், என்மேல் முழு நம்பிக்கையோடு. "சபீனா, நீ ரீடிங் சொல்லாண்டாம். முதல்ல வெங்கிடேஷ் சொல்லட்டும். படுமா, படாதா?"

தொண்டையைக் கனைத்தேன். லேபில் வெப்பம் எவ்வளவு என்று விசாரித்தேன். பெட்ரோல் எந்த பங்க்கில் வாங்கியது என்றுகூடக் கேட்டேன். கடைசியில், "சபீனா, மொதல்ல நீங்க சொல்லுங்கோ. என் கணக்கோட ஒத்துப்போறதான்னு பார்த்துண்டு சொல்றேன்" என்றேன்.

"படும் சாரே. பிஸ்டன் நிக்கிற தூரத்தையும் தாண்டிப் போகுது."

மேலாளர் ஆர்டரை நிறுத்தினார். இன்ஜின் தப்பித்தது. அத்தோடு நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது சார்" என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எண்ணைத் திருகிப் புதுக் கோட்டின்மேலும் படியவைத்துவிட்டேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: சபீனாவின் போன் வந்தபோது, ரீடிங்தான் மாறியிருக்கும் என்று நீங்களும் அப்போதே நினைத்தீர்கள், இல்லையா? எங்கள் ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள்.