புதிய பதிப்பு வெளியாவதால் வர இயலவில்லை

அன்பும் மரியாதையும் மிக்க சகலை அவர்களுக்கு,

நலம். தாங்களும் அக்காவும், அக்காவின் முட்டிவலி நீங்கலாக, நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். "அவள் போனபிறகு தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறீர்கள், மாடி அறை காலிதான், வந்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நான் தனியாக இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நூலக வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், சிறு நூலகங்களுக்கான ஓர் இலவச மென்பொருள் குழுவில் சேர்ந்தேன் அல்லவா? அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திறந்து திருத்தலாம். அதுதான் அதன் பெருமை, அதுவேதான் என் தலைவலி. இம்முறை புதிய பதிப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒருங்கிணைப்பது என்றால் மற்றவர்கள் வேலை செய்வார்கள், நான் கெஞ்சுவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முக்கியமான நிரலாளர் தன் படம் இருக்கவேண்டிய இடத்தில் பூனைப் படம் வைத்திருப்பதால் அவர் பெயரே பூனை. "இனிமேல் புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, பிழை திருத்தம் மட்டும்" என்று அறிவித்தேன். எல்லாரும் சரின்னாங்க. மறுநாளே பூனை புதுசா ஒண்ணைச் சேர்த்து வச்சிருக்கு: புத்தகத்தைத் திருப்பித் தராதவங்களுக்குத் தானாவே போன் போகும். "கதவை மூடியாச்சுன்னேனேங்க"ன்னு கேட்டா, "ஜன்னல் தொறந்திருந்துச்சு"ன்னு பதில். அதை எடுத்தா, கூடவே தேடுற வசதியும் போயிடுச்சு. திரும்பச் சேர்த்தா மொழிபெயர்க்கிறவங்க, "முடிஞ்ச வேலையை எத்தனை தடவைங்க முடிக்கிறது?"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. இதுக்கு நடுவுல பொத்தான் பச்சையா நீலமான்னு ரெண்டு பேர் சண்டை. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி, எனக்கு எல்லாப் பக்கமும்.

கடைசியா அந்த போன் வசதியைச் சோதிக்கணும். அழைப்பே என் நம்பர்லேர்ந்துதான் போகுது, அதனால உறுப்பினரா போட இன்னொரு நம்பர் வேணும். கை தானா எழுதினதைப் போட்டேன். படுக்கையறை அலமாரியில உங்க கொழுந்தியா போன் அடிக்குது. (அதுக்கு இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன், அக்காகிட்ட சொல்ல வேணாம்.) அடிக்க வச்சதே நான்தான்னு தெரியும், இருந்தும் எழுந்து ஓடினேன். "நீங்கள் எடுத்துச் சென்ற புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை"ன்னு பதிவு செஞ்ச குரல். முழுக்கக் கேட்டேன். அப்புறம் வந்து உட்கார்ந்து, "சோதனை வெற்றி"ன்னு எல்லாருக்கும் எழுதினேன்.

ஒருவழியா நேத்து வெளியிட்டாச்சு. பொத்தானை அமுக்கிட்டுத் திரும்பினா, சொல்றதுக்கு ஆள்னு சமையலறைக் குழாயைச் சரிபண்ண வந்தவர் மட்டும்தான்.

"ரிலீஸ் ஆயிடுச்சுங்க."

"எந்தத் தியேட்டர்ல சார்?"ன்னார், வாஷரைத் திருகிக்கிட்டே.

விளக்கமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப டிக்கெட் கிடையாது"ன்னார். நல்ல மனுஷன். குழாயை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். ஒழுகல, ஆனாலும் பார்த்தார்.

இனி குறைகள் வந்து குவியும். ஆளாளுக்கு எழுதுவார்கள், நான் பக்கத்திலேயே இருந்து பதில் சொல்லவேண்டும். ஆகவே வர இயலாது, மன்னிக்கவும். அக்காவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகள் சீரும் சிறப்புமாக வாழ ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சகலை

பின்குறிப்பு: இதை எழுதி, ஒட்டாமல் வைத்துச் சில நாளாகிறது. பதிப்பில் ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது. குறை இருந்தாத்தானே எழுதுவாங்க, நல்லா ஓடுதுன்னு யார் எழுதுவா? கம்ப்யூட்டரைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பூனைக்கு நலம் விசாரிச்சு எழுதினேன், பதிலில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டியில வரேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாராவது வாங்க.