பூப்பேர் சொல்லப் போன கதை

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் அன்று நான் செய்ததைவிட மோசமாக இருக்காது.

என் பெரியவன் ஆறாவது படித்த வருஷம். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய புறம்போக்கு நிலம் குப்பையும் முள்ளுமாகக் கிடந்தது. அதை லாரி நிறுத்த லாரிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் லாரியா என்று ராஜாமணி டீச்சர் என்னோடு பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்தார். முள்ளை வெட்டினோம். வாங்கி வைக்கிற செடிக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? வரப்பிலும் ஏரிக்கரையிலும் தானாகப் பூக்கிற தும்பை, துத்தி, விஷ்ணுகிராந்தி விதைகளைப் பொறுக்கி வந்து தூவினோம். ஆடி மழைக்கு முளைத்துப் பூத்தும் விட்டது.

டீச்சர் எழுதிப்போட்ட மனுவுக்கு யூனியன் ஆபீஸிலிருந்து அதிகாரி பார்க்க வருகிறார் என்றார்கள். அவருக்குப் பிடித்தால் தோட்டம், இல்லாவிட்டால் லாரி.

“நீதான் சாமி பூப்பேரெல்லாம் சொல்லோணும்,” என்றார் டீச்சர்.

“எனக்குப் பேச வராதுங்க டீச்சர்.”

“நாலஞ்சு பூப்பேரு சொல்றதுக்கு என்னத்தப் பேசோணும்?”

(என் வீட்டுக்காரரிடம் ‘சோறு போடட்டுங்களா’ என்று கேட்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதிகாரியிடம் நானா?)

அன்று காலை யாரும் வருமுன் சொல்லிப் பார்க்கப் போனேன். நின்றுகொண்டு சொன்னால் பூவை விட்டுவிட்டு ஜீப் வரும் வழியையே கண் பார்த்தது. அதனால் குத்தவைத்து உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு. கடலைக்காட்டில் களை எடுக்கிறவள் குத்தவைத்தால் கை சும்மா இருக்குமா? வாய் தும்பை என்றது, கை தும்பையைப் பிடுங்கியது. துத்தி என்றேன், துத்தி வந்தது. வேர்மண்ணைத் தட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த அடி நகர்ந்தேன். இப்படியே வேலி வரைக்கும்.

ஜீப் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். நிலம் நெல் அடிக்கிற களம் மாதிரி இருந்தது.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். “பூந்தோட்டம்னு மனுவுல இருந்துச்சே. பூ எங்கம்மா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். என் கையில் கடைசித் தும்பை. முந்தானைக்குள் ஒளித்தேன். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

“இப்பத்தானுங்க நெலம் பண்ணியிருக்கறோம்,” என்றார் டீச்சர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

“நல்ல சுத்தமா பண்ணியிருக்கீங்க. சரி, தை மாசம் வந்து பாக்கறேன்.”

ஜீப் போனதும் டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “ஏஞ்சாமி, ஒத்தச் செடியவாவது உட்டிருக்கக் கூடாதா?”

அதற்குப் பிறகு எங்கே லாரி ஹாரன் கேட்டாலும், என்னால்தான் வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஐப்பசி மழை பெய்தது. நான் வேர்மண் தட்டிய தட்டில் விதையெல்லாம் அங்கேயே உதிர்ந்திருக்கிறது. முன்னைவிட நெருக்கமாக முளைத்தது. தையில் அதிகாரி வந்து, தோட்டமே இருக்கட்டும் என்றார். நான் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். என்னை உள்ளே விடக் கூடாதென்று மற்ற ஏழு பேரும் கூடி எடுத்த முடிவு அது.

இன்றும் கல்யாண வீட்டில் பூ அலங்காரத்துப் பக்கம் போனால் பெரியவன் சொல்வான்: “அம்மா, கையக் கட்டிக்கிட்டு நில்லு.”

அதிகாரி முதலில் வந்தது ஆவணியா புரட்டாசியா என்று எனக்குச் சந்தேகம். யாராவது ராஜாமணி டீச்சரிடம் கேட்டுச் சரிபார்த்தால் நல்லது. நான் கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம். “அது கெடக்குது, மொதல்ல அவளப் பூப்பேரச் சொல்லச் சொல்லு,” என்பார்.