பாப்பாவுக்கு எந்தத் துப்பாக்கி?

மதிப்பிற்குரிய மச்சான் நம்பிராஜன் அவர்களுக்கு,

ஒரகடத்திலிருந்து ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு தங்கள் தங்கை லீலா நலம். நானும் நலம் என்றே டாக்டர் சொல்கிறார். வாலாஜாபாத்தில் தாங்களும் கனகம் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் லீலா பக்கத்திலேயே நின்று திருத்துவாள், அதனால்தான் கடிதம். தாங்கள் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர். தங்களைத் தவிர இதை யாரிடம் கேட்பேன்?

நம் ரஞ்சனியைக் கம்பெனியில் ஹங்கேரி பிளாண்டுக்கு அனுப்பியது தாங்கள் அறிந்ததே. போன இடத்தில் வேலையைப் பார்த்தோமா, லீவில் தூங்கினோமா என்று இல்லாமல், அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேட்டைக்குப் பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிவிட்டாள். ஒரு நாள் துப்பாக்கிக் கடையிலிருந்து வீடியோ காலில் வந்து, "அப்பா, காட்டுப்பன்னிக்கு எது எடுக்கறது? 308-ஆ, 300 மேக்னமா?" என்கிறாள். நான் திருவிழாவில் பலூன் சுட்டவன், அதுவும் படாமல். கடைக்காரக் கிழவர் இரண்டில் சின்னதான 308-ஐத் தூக்கிக் காட்டி, இந்தப் பெண்ணின் தோளுக்கு இதுதான் சரி, சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்தால் குறி தப்பும், தோட்டா நல்லதாக இருந்தால் இதுவே போதும் என்று சொன்னாராம். நான் விடல. "பன்னி திரும்பி மேல பாஞ்சா இன்னா பண்ணுவே? பெருசா வாங்கு, தோட்டாவும் கனமா வாங்கு"ன்னேன். கிழவர் என்னையே பாத்துக்கினு ஏதோ சொன்னாரு. ரஞ்சனி சிரிச்சா. "இன்னாம்மா சொல்றாரு?"ன்னு கேட்டேன். "உங்க அப்பாவுக்குக் கழுத்து வலி உண்டான்னு கேக்கறாருப்பா." அவரு தலைக்கு மேல செவுத்துல மாட்டியிருந்த பன்னித்தலைங்க எல்லாம் காமிராவையே பாத்துக்கினு இருந்திச்சு. மச்சான், அன்னிக்கு வரைக்கும் எனக்குக் கழுத்து வலி இல்ல. மறுநாள் வந்துது. கடைசில அவ 308-ஐ வாடகைக்கு எடுத்துக்கினு போனா.

போன சனிக்கிழமை மத்தியானம் தயிர்சோறு சாப்ட்டுட்டு ஃபேனுக்குக் கீழ படுத்தேன். வெளிய வெயிலு கொளுத்துது, எனக்கு மட்டும் குளிருது. ஈர இலை வாசனை. எழுந்திருக்கப் பாத்தா ரெண்டு கால்ல நிக்க முடியல, நாலு காலு இருக்குது. கழுத்து திரும்பல. எதுத்தாப்ல ஆரஞ்சு கோட்டு போட்டுக்கினு ஒரு பொண்ணு, கையில துப்பாக்கி. பாத்தா நம்ம ரஞ்சனி! என்னைப் பாக்கறா, ஆனா யாருன்னே அவளுக்குத் தெரியல. அதான் மச்சான் எனக்குத் தாங்கல. "பாப்பா!"ன்னு கத்தினேன். முழிச்சா லீலா கரண்டியோட நிக்கறா.

"இன்னாங்க இது, பன்னி மாதிரி உறுமறீங்க?"

"பாப்பான்னு கூப்ட்டேன்டி."

"பாப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உறுமல்தான் கேட்டுது."

பேசிக்கினு இருக்கும்போதே போன். ரஞ்சனி அழுவுறா. "அப்பா, பெரிய பன்னி, நேருக்கு நேரா நின்னுது. அமுக்கப் போறேன், உங்க கொரல்ல 'பாப்பா'ன்னு கூப்பிட்டுதுப்பா. என்னால சுட முடியல." லீலா போனை வாங்கி, "பசி மயக்கமா இருக்கும், ஒழுங்கா சாப்புடு"ன்னுட்டு ரசம் தாளிக்கப் போய்ட்டா.

நான் கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருந்து ரிட்டயர் ஆனவன், இதையெல்லாம் நம்பற ஆளு இல்ல. வயித்துக் கோளாறு, அவ்ளோதான். ஆனாலும் தாங்கள் ரஞ்சனியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேக்னம் வேண்டாம், 308-ஏ ஜாஸ்தி, தோட்டாவும் லேசாக இருக்கட்டும், முடிந்தால் முயலோடு நிறுத்திக்கொள்ளட்டும். இது முழுக்க முழுக்க அவள் தோள்பட்டையை உத்தேசித்துச் சொல்வது.

கனகம் அக்காவுக்கு என் வணக்கம். உடையவர் அருளால் நம் இரண்டு குடும்பமும் உயிரோடும் உருவத்தோடும் இருக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
ரகுபதி

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள ரஞ்சனி கூப்ட்டா. அழுகையெல்லாம் போச்சு. "அன்னிக்குக் கடையில நீங்க சொன்னதுதாம்பா சரி"ன்னு மேக்னமே வாங்கிட்டா, இருக்கறதுலயே கனமான தோட்டாவோட. வர்ற சனிக்கிழமை மறுபடி போறா. அதனால மேல எழுதினதை விட்டுடுங்க. நான் அன்னிக்கு சுங்குவார்சத்திரம் டீக்கடையில கண்ணை மூடாம உக்காந்திருப்பேன். இன்னொண்ணு. அந்தப் பன்னிக்குப் பின்னால வேற ஒண்ணும் நின்னுச்சாம். இடது காலைத் தாங்கித் தாங்கி வந்துதாம், அச்சா உங்க நடை. மச்சான், சனிக்கிழமை மத்தியானம் நீங்களும் தூங்காதீங்க.