சகதி அண்ணன் சைக்கிள் விற்ற கதை

திண்டுக்கல்லில் தண்ணீர் இல்லையே என்று கவலைப்பட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். சகதி இல்லையே என்று கவலைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஊருக்கே அவர் சகதி அண்ணன்.

அவரிடம் ஒரு சைக்ளோகிராஸ் சைக்கிள் இருந்தது. கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், முள்முள்ளாக டயர். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, பெல்கூடக் கிடையாது. சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிற பந்தயச் சைக்கிள் அது. ஓட்ட முடியாத இடம் வந்தால் இறங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பெங்களூர்ப் பக்கம் ஒரு பந்தயத்துக்குப் போய்க் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். கடைசி ஆள் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

தினமும் காலையில் சைக்கிளைச் சுமந்தபடி தெருவில் ஓடுவார். வீட்டுக்கு வீடு, "என்னண்ணே, பஞ்சரா?" என்று கேட்பார்கள். நின்று பொறுமையாக விளக்குவார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அது சரி, பஞ்சர் கடை அந்தப் பக்கம்ல இருக்கு" என்பார்கள்.

வத்தலக்குண்டுப் பக்கம் எங்காவது வயலில் சேறு கலக்கி உழுதிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், லீவு போட்டுவிடுவார். ஒரு முறை, நாளைக்கு நடவு என்று இருந்த வயலில் இறங்கி நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். வயல்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"ஏலே, யாருப்பா நீ? நான் உழுதது பத்தலையா?"

"இன்னும் ரெண்டே ரவுண்டுண்ணே. முடிச்சிட்டுப் போயிர்றேன்."

வயல்காரர் ஒரு மூலையைக் கை காட்டினார். "சுத்துறதுதான் சுத்துற, அந்த மூலை மேடா கெடக்கு. அதையும் மிதிச்சு விட்டுட்டுப் போ."

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்கு முழுக்கு நடக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற தெரு எங்களுடையது. அதில் மூன்று குடம் சைக்கிளுக்குப் போகும். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தால் விடமாட்டார். "கட்டுனவளுக்கு ஒரு நாளாச்சும் தலைக்குத் தண்ணி ஊத்திருப்பாரா, கேளுங்க தம்பி!" அண்ணன் தலையே நிமிராமல் பல் விளக்கும் பிரஷ்ஷால் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அது யாருடைய பிரஷ் என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

சேற்றில் வழுக்காமல் இருக்க டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டுமாம். அதை அளந்து அளந்து வைப்பார். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இளகிய மனது. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு டீ குடிப்பதற்குள், பக்கத்துக் கடைக்காரர் பம்பைத் தூக்கி வந்து இரண்டு டயரையும் கல்லு மாதிரி அடித்து வைத்திருப்பார். காசும் வாங்கமாட்டார். "காத்தே இல்லண்ணே, பாவமா இருந்துச்சு." யாரைத் திட்டுவது? அண்ணன் அழாத குறையாகக் காற்றைப் பிடுங்கிவிடுவார்.

போன வருஷம் அவர் முழங்கால் மடங்க மறுத்தது. இனிமேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் உங்களையும் சேர்த்து வேறு யாராவதுதான் தூக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றே ஆக வேண்டும். ஆனால் சகதியில் ஓட்டுகிற ஆளுக்குத்தான் கொடுப்பேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். "சும்மா நிறுத்தி வச்சா அது செத்துரும்டா" என்றார்.

விளம்பரத்தில் உண்மையை மட்டும் எழுதினார்: 'பதினாறு தடவை விழுந்தது. ஒன்பது தடவை என் தப்பு.' அதையும் படித்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். தொப்பை குறைக்க வந்த ஒருவர், இதை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்து மிதிக்கலாமா என்றார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவர், "ஏனுங்க, பின்னாடி ரெண்டு தக்காளிப் பொட்டி கட்டலாமுங்களா?" என்றார். இருவருக்கும் காபிகூடக் கிடைக்கவில்லை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களே வாங்கி எங்கிட்டாச்சும் வச்சிருங்க தம்பி, மனுசன் சரியா சாப்புடுறதே இல்ல" என்றார். நானும் போய்க் கேட்டேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மழை பேஞ்சா ஆபீசுக்கே வரமாட்ட. ஒனக்கா?"

கடைசியில் சிறுமலையிலிருந்து ஒரு பெண் வந்தார், சொந்தமாக வாழைத் தோட்டம் பார்க்கிறவர். விலை கேட்கவில்லை. சைக்கிளை ஒரே வீச்சில் தோளில் ஏற்றி, தெருமுனைச் சாக்கடையை ஒரே தாவலில் தாண்டி, அதே வேகத்தில் திரும்பி வந்தார். அண்ணன் வாயைப் பிளந்துவிட்டார்.

"எங்க பழகுன தாயி?"

"வாழத்தாரு இதவிடக் கனம்ணே. சறுக்குற பாதைல அதத் தூக்கிட்டுத்தான எறங்குறோம்."

"மழை பேஞ்சா அங்க எம்புட்டு சகதி கெடைக்கும்?"

"எம்புட்டு வேணும்?"

அவ்வளவுதான், அண்ணன் சைக்கிளை அவருக்கே கொடுத்துவிட்டார். பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டும்போது கீழே நின்று, "மெதுவா, மெதுவா" என்று கையை உயர்த்திக்கொண்டே இருந்தார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் நின்றார். இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்தே பிழைத்த நான்தான் அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் அவரிடமிருந்து போன்.

"ஏலே, சிறுமலைல நல்ல மழையாம். அந்தப் புள்ள இன்னைக்கு எறங்கி ஓட்டுதாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவமா?"

மலைப்பாதையில் பஸ் ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனாலும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஜன்னலோரமாக அவருக்கு ஒரு சீட் பிடித்து வைத்தேன்.