வண்டு நானாவின் பத்து நிமிடம்

மாத்தளையில் நேரத்தை மதித்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையும் நாங்கள்தான் ஒழித்துக்கட்டினோம்.

என் அச்சுக்கூடத்துக்கு எதிரே பிளாஸ்டிக் வாளியும் கயிறும் விற்றவர். வாப்பா வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி, ஊருக்கு அவர் வண்டு நானா. காரணம், அவருடைய இடது மணிக்கட்டு எந்நேரமும் ரீங்காரமிடும். அவர் கட்டியிருந்தது டிக் டிக் என்று அடிக்காத ஒரு பழைய மின் கைக்கடிகாரம். உள்ளே குட்டியாக ஓர் இசைக்கவை இருக்கும். பெட்டரி அதை அதிரவைக்க, அந்த அதிர்வு ஒரு சின்னச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளிக்கொண்டு போகும். கடைக்கு வரும் எல்லோருக்கும் இதை விளக்குவார். வாளி வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இப்படி அலுமாரி நிறைய வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் மட்டும் சிவப்பாக எண் காட்டும் ஒன்றைக் கல்யாண வீடுகளுக்குக் கட்டி வருவார். அது பெட்டரியைத் தண்ணீராகக் குடிக்கும் என்பதால், யார் நேரம் கேட்டாலும் அமுக்க மாட்டார். மாப்பிள்ளை கேட்டால் மட்டும் ஒரு தரம் அமுக்குவார்.

பழைய கடிகாரம் எங்கே இருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதிப் பென்ஷன் எடுத்த கிளாக்கர் இறந்தபோது, அந்தச் செத்த வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெட்டியில் கிடந்தவர் கையில் அதே ரீங்காரக் கடிகாரம். நானா குனிந்து அந்த மணிக்கட்டில் காதை வைத்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். கிளாக்கரின் மனைவி கிட்ட வந்து, "என்னங்க?" என்றார்.

"ஓடுதும்மா" என்றார் நானா, முகமெல்லாம் மலர்ந்து.

அன்று நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது, கூடவே நோன்பும் வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, போன்களில் சார்ஜ் இல்லை. தெருக்காரர்கள் மிளகுக் கடையின் பின்பக்கம் கூடி நோன்பு திறப்போம். நேரம் சொல்வது நானா. அதுவரை அவரைப் பைத்தியம் என்றவர்கள், கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்திருந்தார்கள். அவர் பிஸ்மில்லா சொன்னால்தான் ஈத்தம்பழம் வாய்க்குப் போகும். அந்த நாட்களில் நானாவின் நடையே வேறு. ஊருக்கு அவர் தேவைப்பட்டது வாழ்நாளில் அப்போது மட்டும்தான்.

விதிக்கு அது பொறுக்கவில்லை போலும், கடிகாரத்தில் பெட்டரி தீர்ந்தது. அதற்கு வேண்டிய பழைய ரகத்தை இப்போது யாரும் செய்வதில்லை. கிடைத்த புது ரகத்தைப் போட்டார். அதற்குக் கொஞ்சம் வலு கூட. கவை அதிகமாகத் துள்ளி, சில நேரம் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல்லைத் தள்ளிவிட்டது. காலையில் பார்த்தபோது நேரம் சரியாகத்தான் இருந்தது. பின்னேரத்துக்குள் அது தன்பாட்டில் முந்திவிட்டது. அன்று பார்த்து மழை மூட்டம் வேறு.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, சமோசாவில் கை வைக்கும்போது கரண்ட் வந்தது. ஒலிபெருக்கி உயிர் பெற்றது. அப்போதுதான் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். நாங்கள் பத்து நிமிடம் முந்தியிருந்தோம்.

ஆளுக்கொரு நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் மிளகுக் கடைக்காரர். கல்லாகக் காய்ந்த மிளகையும் ஈரம் என்று சொல்லி, தோட்டத்துச் சனத்திடம் மூட்டைக்கு மூட்டை நிறையைக் கழிப்பவர் அவர். அந்த மனிதருக்குப் பத்து நிமிடம் பெரும் பாவமாகத் தெரிந்தது.

"எங்க நோன்பப் பாழாக்கிட்டீங்களே நானா, மறுமையில யாரு பதில் சொல்றது?"

நானா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "நானே சொல்றேன்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பெருநாள் முடிந்ததும் எங்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒரு நோன்பு பிடிக்கத் தொடங்கினார். அவனவன் நோன்பை அவனவன்தான் பிடிக்க வேண்டும், இது செல்லாது என்று மௌலவி கூப்பிட்டுச் சொன்னார். நானா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த நாளும் பிடித்தார். அன்று கத்தியவர்களில் ஒருவராவது திரும்பப் பிடித்ததாக நான் அறியேன். நானா கேட்டால் மட்டும் "முடிஞ்சிச்சி" என்பார்கள்.

அடுத்த வருடம் கரண்ட் இருந்தது, ஆளுக்கொரு போன் நேரம் சொன்னது. நானா வெறுங்கையோடு ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாயைப் பார்த்து நோன்பு திறந்தார்.

போன வருடம் நானா மௌத்தாகிவிட்டார். கட்டாரிலிருந்து அடக்கத்துக்கு வந்த மகன் அலுமாரியை அப்படியே ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டான். வியாபாரி ஒன்றை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கினார்.

"இது நேரம் சரியில்லையாம் சாச்சா, நீங்க வச்சிக்கோங்க" என்று மகன் அதை என்னிடம் தந்தான்.

இந்த நோன்புக்கு அதைத்தான் கட்டுகிறேன். காலையில் சரியாக வைத்தாலும் பின்னேரம் முந்திவிடுகிறது. அதில் நேரமானதும் ஈத்தம்பழத்தைக் கையில் எடுத்துக்கொள்வேன். பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் கடிகாரத்தைக் காதோடு வைத்துக்கொண்டு நானாவோடு இருப்பேன்.